‘ஆன்ஸ்வித்’ என்றால் அப்புறமா?

பிரெஞ்சு படிக்க ஆரம்பித்த இரண்டு மூன்று வாரத்திலேயே எல்லோருக்கும் பிடித்துப்போகிற ஒரு சொல் உண்டு: ‘ஆன்ஸ்வித்’. எழுத்துக்கூட்டினால் இ, என், எஸ், யு, ஐ, டி, இ என்று ஏழு எழுத்து. அகராதியில் ‘பிறகு, அப்புறம், அடுத்து’ என்று பொருள் போட்டிருக்கும். சரி, ‘அப்புறம்’தானே, நாள் முழுக்க நம் வாயில் புழங்குகிற சொல்லாச்சே என்று கண்ட இடத்திலெல்லாம் அதைப் போட ஆரம்பிக்கிறோம். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

மாலை நேரத்தில் நாலைந்து பேருக்குப் பிரெஞ்சு சொல்லித்தருகிறேன். அவர்கள் நோட்டில் நான் அதிகம் சுழித்துவிடுவது இந்தச் சொல்லைத்தான். ஒருவர் ‘படத்துக்கு அப்புறம் சாப்பிட்டோம்’ என்று எழுத நினைத்து ‘ஆன்ஸ்வித் ல ஃபில்ம்’ என்று தொடங்கியிருந்தார். இன்னொருவர் ‘அப்புறம் கூப்பிடுகிறேன்’ என்று செய்தி அனுப்பும்போது ‘ஆன்ஸ்வித்’ போட்டுவிட்டார். அதைப் படித்த பிரெஞ்சுக்காரர், ‘எது முடிந்ததும்?’ என்று திருப்பிக் கேட்டாராம். இருவருமே அகராதியை ஒழுங்காகப் பார்த்துத்தான் எழுதினார்கள். நம்முடைய ‘அப்புறம்’ ஒரே ஆளாக ஐந்தாறு வேலை பார்க்கிறது என்பதும், ‘ஆன்ஸ்வித்’ அதில் ஒன்றிரண்டைத்தான் பார்க்கும் என்பதும் அகராதியில் இல்லை.

உச்சரிப்பை முதலிலேயே முடித்துவிடலாம். முதல் ‘ஆன்’ மூக்கால் வருவது. ‘ன்’ சொல்ல நாக்கு மேலே தொடக் கூடாது. நடுவில் வரும் ‘ஸ்வி’க்கு, விசில் அடிக்க உதட்டைக் குவிப்பதுபோல் குவித்துக்கொண்டு ‘இ’ சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். கடைசி எழுத்துக்கு ஒலி கிடையாது, அதற்கு முந்தைய ‘த்’ தெளிவாக ஒலிக்கும்.

டோக்கன் நம்பர் சொல்வதும் சொல்லாததும்

கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறோம். கையில் 14 என்று டோக்கன். உள்ளே 13 போயிருக்கிறார். அந்த 14 நமக்கு என்ன சொல்கிறது? 13-க்கு அடுத்தது நாம். அவ்வளவுதான். இன்னும் ஐந்து நிமிடமா அரை மணியா என்று அதில் இல்லை. 13 போனதால்தான் நாம் போகிறோம் என்றும் இல்லை. அவருக்குக் காய்ச்சல், நமக்கு முட்டிவலி.

‘ஆன்ஸ்வித்’ இந்த டோக்கன் மாதிரி. இரண்டு செயலில் எது முன், எது பின் என்று மட்டும் சொல்லும். நடுவில் எவ்வளவு நேரம் போனது என்று சொல்லாது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்றும் சொல்லாது.

மேரி க்யூரிக்கு 1903-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது, 1911-இல் வேதியியலுக்கு. பிரெஞ்சில் ‘தபோர்’ இயற்பியல், ‘ஆன்ஸ்வித்’ வேதியியல் என்று தாராளமாகச் சொல்லலாம். ‘தபோர்’ என்றால் முதலில். நடுவில் எட்டு வருஷம் இருப்பதைப் பற்றி ‘ஆன்ஸ்வித்’துக்குக் கவலையே இல்லை. ‘முட்டையை ஊற்று, ஆன்ஸ்வித் உப்பு போடு’ என்றால் நடுவில் பத்து நொடிகூட இருக்காது. சொல் அதேதான்.

டோக்கனில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 13 என்று ஒருவர் இல்லாவிட்டால் 14-க்கு அர்த்தம் இல்லை. அதேபோல் ‘ஆன்ஸ்வித்’ வர வேண்டுமானால், முந்தைய செயல் ஒன்று ஏற்கெனவே பேச்சில் வந்திருக்க வேண்டும். ‘எது முடிந்ததும்?’ என்று அந்தப் பிரெஞ்சுக்காரர் கேட்டது இதனால்தான். அவர் 13-ஐத் தேடியிருக்கிறார்.

இதுவரை பார்த்தது: ‘ஆன்ஸ்வித்’ வரிசையைச் சொல்லும். இடைவெளியைச் சொல்லாது, காரணத்தைச் சொல்லாது. அதற்கு முன்னால் ஏதோ ஒன்று சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

‘ஆன்’, ‘ஸ்வித்’ என்று இரண்டு சொல் ஒட்டிப் பிறந்தது இது. ‘ஸ்வித்’ என்றால் தொடர்ச்சி, பின்னால் வருவது. ‘பின்தொடர்’ என்ற பொருளுள்ள ‘ஸ்விவ்ர்’ என்ற வினைச்சொல்லின் உறவு. பிரெஞ்சுத் தொடர்கதையின் அடியில் ‘ஆ ஸ்விவ்ர்’ என்று போட்டிருக்கும்; நம் வார இதழில் ‘தொடரும்’ போடுகிற அதே இடம், அதே வேலை.

ஹோட்டலில் ‘சூட்’ ரூம் என்கிறோமே, அதுவும் இந்த ‘ஸ்வித்’தான். ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் அறைகளின் தொடர். அறையோடு ஒட்டிய குளியலறையை ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் ‘என்சூட் பாத்ரூம்’ என்று போடுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். அது ஆங்கிலக்காரர்கள் பிரெஞ்சிலிருந்து எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டது. பாரிஸில் போய் ‘ஆன்ஸ்வித்’ குளியலறை கேட்டால், ‘முதலில் என்ன வேண்டும்?’ என்ற பார்வைதான் கிடைக்கும்.

இந்தக் குடும்பத்தில் ஒரு குறும்புக்கார உறுப்பினரும் உண்டு: ‘தூ த ஸ்வித்’. வேகமான பேச்சில் ‘தூத்ஸ்வித்’ என்று காதில் விழும். இதற்கு ‘உடனே’ என்று பொருள். ஹோட்டல்காரர் ‘தூத்ஸ்வித்’ என்றால் காபி இப்போதே வருகிறது. ‘ஆன்ஸ்வித்’ என்றால் வேறு ஏதோ முடிந்ததும் வரும். காதில் ஒன்றுபோல விழுகிறது என்று குழப்பிக்கொண்டால் காபிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

நம் ‘அப்புறம்’ எத்தனை வேலை பார்க்கிறது

இப்போது நம் பக்கம் திரும்பலாம். கீழே உள்ள வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

‘குளித்தேன். அப்புறம் சாப்பிட்டேன்.’ இங்கே ‘அப்புறம்’ தனியாக நிற்கிறது. செயல்களை வரிசைப்படுத்துகிறது. இதற்கு ‘ஆன்ஸ்வித்’ கச்சிதம். ஒரு வினைக்கு எப்போது, எப்படி, எந்த வரிசையில் என்று கூடுதல் தகவல் தரும் இப்படிப்பட்ட சொல்லை வினையடை என்பார்கள். ‘ஆன்ஸ்வித்’ ஒரு வினையடை. தனி ஆள், தன்மேல் யாரையும் தாங்காது.

‘படத்துக்கு அப்புறம் சாப்பிட்டோம்.’ இங்கே ‘அப்புறம்’ தனியாக இல்லை, ‘படத்துக்கு’ என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் இந்த ஒட்டு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும். பிரெஞ்சில் முன்னால் வரும், அதனால் அதை முன்னிடைச்சொல் என்கிறோம். இந்த வேலைக்கு ‘ஆன்ஸ்வித்’ லாயக்கில்லை. ‘அப்ரே’ என்ற வேறு சொல் வேண்டும்: ‘அப்ரே ல ஃபில்ம்’. என் மாணவர் நோட்டில் சிவப்புச் சுழி விழுந்தது இதனால்தான். ஒரு சுலபமான சோதனை உண்டு. ‘அப்புறம்’ என்பதற்கு முன் ‘-க்கு’ இருந்தால் ‘ஆன்ஸ்வித்’தைக் கையில் எடுக்காதீர்கள். ‘-க்கு’ இருந்தால் ‘அப்ரே’.

‘அப்புறம் கூப்பிடுகிறேன்.’ இங்கே வரிசையே கிடையாது. ‘இப்போது வேண்டாம், பின்னொரு நேரத்தில்’ என்பதுதான் பொருள். பிரெஞ்சில் இது ‘ப்ளு தார்’, அதாவது ‘பிற்பாடு’. ‘ஜ தாப்பெல் ப்ளு தார்’ என்றால் பிற்பாடு உன்னைக் கூப்பிடுகிறேன். கடன் கேட்டவரிடம் நாம் சொல்லும் ‘அப்புறம் பார்க்கலாம்’ இந்த வகை. வரிசையில் எத்தனையாவது என்று கேட்டால் பதில் இருக்காது.

‘களைப்பாக இருக்கிறது, அப்புறம் மழை வேறு.’ வெளியே போகாததற்குக் காரணம் அடுக்குகிறோம். களைப்பு முதலில் வந்து மழை பிறகு வந்தது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பிரெஞ்சில் இங்கே இயல்பாக வருவது ‘ஏ ப்வி’. ‘ஏ’ என்றால் ‘உம்’. ‘ப்வி’ பற்றிக் கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

காரணங்களை நிதானமாக, எண்ணிச் சொல்வதுபோல் அடுக்கினால் ‘ஆன்ஸ்வித்’தும் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘தபோர் ஸே ஷேர், ஆன்ஸ்வித் ஸே ல்வேன்’: முதல் விஷயம் விலை ஜாஸ்தி, அடுத்தது தூரம். இங்கே கடிகாரத்தின் வரிசைக்குப் பதிலாகப் பேசுபவர் வாதத்தின் வரிசை நடக்கிறது. தமிழிலும் வீட்டு வாடகை பேசும்போது நாம் அப்படியே சொல்கிறோம், யாரும் சொல்லித்தந்ததில்லை.

சுருக்கமாக: தனியே நின்று வரிசை சொல்லும் ‘அப்புறம்’ என்றால் ‘ஆன்ஸ்வித்’. ‘-க்கு’ ஒட்டியிருந்தால் ‘அப்ரே’. தள்ளிப்போடும் ‘அப்புறம்’ என்றால் ‘ப்ளு தார்’. ‘போதாக்குறைக்கு’ என்ற தொனி என்றால் ‘ஏ ப்வி’.

‘சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான்’

இது தமிழர்களுக்கென்றே வாய்த்த தொல்லை. அதனால் இங்கே சற்று நின்று பார்க்கலாம்.

தமிழில் வரிசை சொல்ல ‘அப்புறம்’ தேவையே இல்லை. ‘எழுந்து, பல் தேய்த்து, குளித்து, சாப்பிட்டுக் கிளம்பினான்.’ ஐந்து செயல். கடைசி ஒன்றுதான் முழுமையாக முடிகிறது. மற்ற நாலும் அடுத்த வினையை எதிர்பார்த்து வாலை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இப்படி முடியாமல் நிற்கும் வினைக்கு வினையெச்சம் என்று பள்ளியில் படித்திருப்போம். எந்தச் செயல் முன், எது பின் என்ற வரிசை அந்த எச்சத்துக்குள்ளேயே இருக்கிறது.

பிரெஞ்சில் இந்த வசதி கிடையாது. ஆனால் வசதிபோலத் தெரிகிற ஒன்று உண்டு, அதில்தான் பலர் விழுகிறார்கள். ‘ஆன் மான்ஜான்’ என்று ஒரு வடிவம். பார்க்க ‘சாப்பிட்டு’ என்பதுபோல இருக்கும், பொருளோ ‘சாப்பிட்டுக்கொண்டே’. ‘ஆன் மான்ஜான்’ போட்டுவிட்டு ‘கிளம்பினான்’ என்று முடித்தால், கையில் ரொட்டியோடு தெருவில் நடந்துபோகிற ஆள் கண்முன் வருவான். ‘சாப்பிட்டுவிட்டு’ என்பது அதில் வரவே வராது.

சரியான வழி இரண்டு. ஒன்று, எச்சத்தை உடைத்து இரண்டு முழு வாக்கியமாக்கி நடுவில் வரிசைச் சொல் வைப்பது: ‘இல் அ மான்ஜே, ஆன்ஸ்வித் இல் ஏ பார்த்தி.’ அவன் சாப்பிட்டான், பிறகு கிளம்பினான். இரண்டு, ‘அப்ரே’யைப் பயன்படுத்துவது: ‘அப்ரே அவ்வார் மான்ஜே, இல் ஏ பார்த்தி.’ சாப்பிட்ட பிறகு கிளம்பினான். இரண்டும் சரிதான். பேச்சில் முதலாவது எளிது, ஆரம்பத்தில் அதையே பழகுங்கள்.

ஆனால் நாலு எச்சத்தை உடைத்து நாலு ‘ஆன்ஸ்வித்’ போட்டுவிடாதீர்கள். என் மாணவர்களின் ‘என் ஒரு நாள்’ கட்டுரையெல்லாம் அப்படித்தான் இருக்கும்: எழுந்தேன், ஆன்ஸ்வித் பல் தேய்த்தேன், ஆன்ஸ்வித் குளித்தேன், ஆன்ஸ்வித்… படிக்கும்போது ரயில் தண்டவாளத்தில் ‘தடக் தடக்’ கேட்கிற மாதிரி இருக்கும். செயல்கள் தாமாகவே வரிசையில் வருமானால் சொல்லே தேவையில்லை. ஜூலியஸ் சீசரின் ‘வந்தேன், பார்த்தேன், வென்றேன்’ என்ற லத்தீன் வாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வினை, நடுவில் ஒரு ‘அப்புறம்’கூட இல்லை. பிரெஞ்சில் மொழிபெயர்க்கும்போதும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். யாருக்கும் வரிசையில் சந்தேகம் வந்ததில்லை.

‘ப்வி’: வாசலிலேயே நிற்கும் தம்பி

‘ப்வி’யும் வரிசைச் சொல்தான். பி, யு, ஐ, எஸ் என்று எழுதுவார்கள், கடைசி எஸ் பெரும்பாலும் ஒலிக்காது. பொருளில் ‘ஆன்ஸ்வித்’துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ‘இது உடனே, அது தாமதமாக’ என்று சிலர் கோடு போட்டுச் சொல்லித்தருகிறார்கள். நம்பாதீர்கள். வித்தியாசம் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

‘ஆன்ஸ்வித்’ வீட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் உட்காரும். வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும், கடைசியிலும் வரும். இறந்தகாலத்தில் பிரெஞ்சு வினை இரண்டு துண்டாக வருமே, அந்த இரண்டுக்கும் நடுவிலும் புகுந்துகொள்ளும்: ‘இல் ஏ ஆன்ஸ்வித் பார்த்தி.’ ‘ப்வி’ வாசற்படியைத் தாண்டாது. எப்போதும் தான் இணைக்கும் துண்டின் தலையில் மட்டும் நிற்கும். ‘இல் ஏ ப்வி பார்த்தி’ என்றால் தவறு.

அதற்குப் பதிலாக ‘ப்வி’க்கு வேறொரு சலுகை உண்டு. இரண்டு வினையையோ இரண்டு பெயரையோ சிக்கனமாகச் சேர்த்துவிடும். ‘இல் மான்ஜ் ப்வி பார்’: சாப்பிடுகிறான், பிறகு கிளம்புகிறான். இரண்டாவது ‘அவன்’ தேவைப்படவில்லை பாருங்கள். நம் வினையெச்சத்துக்குப் பிரெஞ்சில் ஆகக் கிட்டத்தில் வருவது இதுதான் என்பது என் கருத்து. ஊர்ப் பெயர் அடுக்கவும் உதவும்: ‘லியோன், ப்வி அவிஞோன், ப்வி மார்செய்.’ பாரிஸிலிருந்து தெற்கே போகும் வழியில் அந்த ஊர்கள் வரும் வரிசை அது.

குழந்தைகள் கதை சொல்லும்போது ‘ஏ ப்வி… ஏ ப்வி…’ என்று மூச்சுவிடாமல் இழுப்பார்கள். நம் வீட்டுக் குழந்தை ‘அப்புறம்… அப்புறம்…’ என்று இழுப்பதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கியூபெக் பக்கம் பேச்சில் ‘ப்வி’ தேய்ந்து வெறும் ‘பி’ ஆகிவிட்டது. ‘ப்வி ஆன்ஸ்வித்’ என்று இரண்டையும் சேர்த்துப் போடுவதை இலக்கணக்காரர்கள் கூறியது கூறல் என்பார்கள். பேச்சில் போடுகிறார்கள்தான், பரீட்சையில் போடாதீர்கள்.

‘அலோர்’ வந்தால் கதை மாறும்

ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு இன்னொரு பொறி. ஆங்கிலத்து ‘தென்’ வரிசையையும் சொல்லும், ‘அப்படியானால்’ என்பதையும் சொல்லும். பிரெஞ்சில் இரண்டாவது வேலை ‘அலோர்’ உடையது.

இரண்டு வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘இல் அ ப்ளு, ஆன்ஸ்வித்…’ என்று தொடங்கி ‘வீட்டுக்குத் திரும்பினேன்’ என்று முடித்தால்: மழை பெய்தது, பிறகு வீடு திரும்பினேன். மழைக்கும் திரும்பியதற்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதே இடத்தில் ‘அலோர்’ போட்டால்: மழை பெய்தது, அதனால் திரும்பினேன். ஒரு சொல் மாறியதும் மழைமேல் பழி வந்துவிட்டது. ‘நீ வந்தால், அப்போ நானும் வருகிறேன்’ என்பதில் வரும் ‘அப்போ’வும் ‘அலோர்’தான்.

வரிசைச் சொல் காரணச் சொல்லாக நழுவுவது மொழிகளில் சகஜம். ‘ப்வி’யோடு ‘க்’ சேர்ந்து ‘ப்விஸ்க்’ ஆனபோது பொருள் ‘…என்பதால்’ என்று மாறிவிட்டது. நம் ‘பின்’னும் ‘பின்னே வராமல் இருப்பேனா?’ என்று வரும்போது காலத்தை விட்டு வெகுதூரம் வந்துவிடுகிறது. ‘ஆன்ஸ்வித்’ மட்டும் இன்னும் ஒழுங்காக வரிசையிலேயே நிற்கிறது.

மறுபடி ஒரு முறை: இடம் மாறி உட்கார வேண்டுமா, ‘ஆன்ஸ்வித்’. இரண்டைச் சட்டென்று கோக்க வேண்டுமா, ‘ப்வி’. ஒன்றால் மற்றது நடந்தது என்றால் ‘அலோர்’.

ஒரு க்ரெப், ஒரு மெட்ரோ

பிரெஞ்சுக்காரர்கள் பிப்ரவரி 2-ஆம் தேதி வீட்டில் க்ரெப் சுடுவார்கள். மைதா, முட்டை, பால் கலந்த மெல்லிய மாவு, நம் தோசையின் தூரத்து உறவுபோல. செய்முறையில் இப்படி இருக்கும்: ‘தபோர்’ மாவையும் முட்டையையும் கலக்கவும், ‘அஜூத்தே ஆன்ஸ்வித் ல லே’, அடுத்துப் பாலைச் சேர்க்கவும், ‘ப்வி’ கொஞ்ச நேரம் அப்படியே விடவும். ‘அஜூத்தே’ என்ற கட்டளை வினை முன்னால் வர, ‘ஆன்ஸ்வித்’ அதன் பின்னால் போய் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். இங்கே வரிசை சும்மா அலங்காரத்துக்கு இல்லை. பாலை ஒரேயடியாக முதலில் கொட்டிவிட்டு மாவைத் தூவினால் கட்டி கட்டியாகத் திரளும். நான் செய்து பார்த்து, வடிகட்டியில் வைத்துத் தேய்த்திருக்கிறேன்.

வழி கேட்டாலும் இதே சட்டகம்தான். பாரிஸில் கார் து நோர் நிலையத்திலிருந்து லூவ்ர் அருங்காட்சியகம் போக வேண்டும் என்றால், ‘தபோர்’ 4-ஆம் தடத்தில் ஷாத்லே வரை, ‘ஆன்ஸ்வித்’ 1-ஆம் தடம். ஷாத்லேயில் வண்டி மாற நடக்க வேண்டிய சுரங்கப்பாதை நீளத்தை ‘ஆன்ஸ்வித்’ சொல்லாது என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

வரிசை முடியும் இடத்தில் ‘ஆன்ஃபேன்’ வரும், ‘கடைசியாக’ என்ற பொருளில். வண்டி ரொம்ப நேரம் கழித்து வந்தால் ‘ஆன்ஃபேன்!’ என்று பெருமூச்சும் விடுவார்கள். ‘அப்பாடா, ஒருவழியாக’ என்று அர்த்தம்.

போனில் வரும் ‘அப்புறம்?’

நம் ‘அப்புறம்’ பார்க்கும் வேலைகளில் ஒன்றை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்கிறார். உடம்பு, மழை, மாமா பையன் கல்யாணம் எல்லாம் பேசியாயிற்று. சற்று மௌனம். ‘அப்புறம்?’ என்கிறார். ‘அப்புறம் என்ன சித்தப்பா, நீங்கதான் சொல்லணும்’ என்கிறோம். இந்த ‘அப்புறம்’ எதையும் கேட்கவில்லை. லைனை வைக்க மனமில்லை, அவ்வளவுதான்.

இதை ‘ஏ ஆன்ஸ்வித்?’ என்று பிரெஞ்சுத் தோழி ஒருத்தியிடம் போட்டுப் பார்த்தேன். அவள் சொல்லிக்கொண்டிருந்த கதையில் ஏதோ ஒரு பகுதியை விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று யோசித்தாள். கதையை மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் குழப்பத்தோடு சொன்னாள்: ‘ஸே தூ.’ அவ்வளவுதான்.